லெட்ஜரைக் கொளுத்தாதீர்கள்!

உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. செல்போனைத் தொடாமல் உங்கள் மனைவியின் நம்பரைச் சொல்லுங்கள். அல்லது கணவரின் நம்பரை. தெரியுமா? சபாஷ். தம்பியின் நம்பர்? கல்லூரியில் மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் டிபன் பாக்ஸைக் காலி செய்தாரே, அவருடைய இ-மெயில் முகவரி?

தெரியாது. எனக்கும்தான் தெரியாது. ஞாபகம் வைத்துக்கொள்கிற வேலையை எப்போதோ மிஷினிடம் ஒப்படைத்துவிட்டோம். ஒப்படைத்ததில் தப்பே இல்லை. ஆனால், அது கெட்டுப்போனால் என்ன செய்வது என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. கெட்டுப்போன அன்றைக்கு வீட்டுக்கு வந்து நிற்கிறவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம்.

‘ஃபார்மட் பண்ணிடலாம் சார்!’

இந்த வாரம் என் சண்டை அந்த வாக்கியத்தோடு.

*

திருக்கழுக்குன்றத்தில் என் பெரியப்பா இருக்கிறார். செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். மலைமேல் வேதகிரீஸ்வரர், கீழே தாழக்கோயிலில் பக்தவத்சலேஸ்வரர், அப்புறம் சங்கு தீர்த்தக் குளம். ஊரின் அடையாளம் இவ்வளவுதான். பெரியப்பாவுக்கு வயது எண்பத்தொன்று. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியலும் கணக்குப்பதிவியலும் நடத்தி ரிட்டயர் ஆனவர். நான் பி.காம். சேர்ந்ததற்கும், டிரயல் பாலன்ஸ் என்றால் இன்றைக்கும் எனக்கு லேசாக வியர்ப்பதற்கும் அவர்தான் காரணம்.

ரிட்டயர் ஆனதும் மகன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தான். பெரியப்பா அதில் சினிமா பார்க்கவில்லை, சீட்டு ஆடவில்லை. பழைய மாணவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்க்க ஆரம்பித்தார். கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவர், மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் வைத்திருப்பவர், மஸ்கட்டில் அக்கவுண்டன்ட், டொரன்டோவில் டாக்ஸி ஓட்டுபவர். ஒவ்வொரு பெயருக்கும் கீழே குறிப்பு எழுதும் கட்டம் இருக்கிறதல்லவா? நாமெல்லாம் காலியாக விடுகிற கட்டம். பெரியப்பா அதை விட்டுவைக்கவில்லை. ‘93 பேட்ச். கடைசி பெஞ்ச். இப்போ ஆடிட்டர். அப்பா தவறிட்டார். பெண் நீட் எழுதறா.’ இப்படி ஒவ்வொருவருக்கும் நாலு வரி.

இன்னொரு பழக்கமும் உண்டு. வருஷா வருஷம் மார்ச் 31-ந் தேதி, அட்ரஸ் புக்கில் எத்தனை பேர் என்று எண்ணி டைரியில் குறித்துவைப்பார். கணக்கு வாத்தியார். குளோசிங் ஸ்டாக் எடுக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. கடைசிக் கணக்குப்படி 612 பேர்.

குரு பகவான் கன்னி ராசிக்கு வரும்போது, அதாவது பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, சங்கு தீர்த்தத்தில் புஷ்கர மேளா நடக்கும். 2016 ஆகஸ்ட்டில் நடந்தபோது பெரியப்பா அந்த லிஸ்ட்டில் இருந்த எல்லோருக்கும் மெயில் போட்டார். வீடு கொள்ளாமல் ஆட்கள் வந்து இறங்கினார்கள். கணக்குப்படி அடுத்தது 2028. ‘நான் இருப்பேனோ மாட்டேனோ, லிஸ்ட் இருக்கணும்டா’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன். ‘டேய், அட்ரஸ் புக்கைத் திறந்தா வெள்ளையா இருக்குடா. ஒருத்தர்கூட இல்ல.’

நடந்தது இதுதான். முதல் நாள் சாயங்காலம் புதிதாக ஒருவரைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருக்கிறது. யு.பி.எஸ். பாட்டரி செத்துப்போய் ஆறு மாதம். கரண்ட் வந்ததும் திறந்திருக்கிறார். இங்கிலீஷில் ஏதோ ஒரு செய்தி வந்திருக்கிறது. ‘ஓகே’யை அழுத்திவிட்டார். நானாக இருந்தாலும் அழுத்தியிருப்பேன். நீங்களும்தான். ‘ஓகே’ என்று ஒரு பட்டனை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிற பெட்டியிடம் வேறு என்ன பேச முடியும்?

சர்வீஸுக்கு ஒரு பையன் வந்தான். பார்த்தான். ‘சாஃப்ட்வேர் கரப்ட் ஆயிடுச்சு ஐயா. ஃபார்மட் பண்ணிடலாம். எண்ணூறு ரூபா.’

‘நீ வந்து பாத்துட்டுச் சொல்லு, அப்புறம் குடுக்கலாம்’ என்றார் பெரியப்பா. அந்த ஒரு சந்தேகம் வந்ததே, அதற்காகவே வாத்தியாருக்குக் கும்பிடு போட வேண்டும்.

*

நான் இன்ஜினீயர் இல்லை. ஆனால், கணக்குப் பாடத்தில் ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லித் தந்துவிடுவார்கள். லெட்ஜரையெல்லாம் எழுதி முடித்து டிரயல் பாலன்ஸ் போடுகிறீர்கள். பற்றும் வரவும் ஒத்துவரவில்லை. தொண்ணூறு ரூபாய் இடிக்கிறது. என்ன செய்வீர்கள்? அந்தத் தொண்ணூறை சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒரு கணக்கில் தற்காலிகமாகப் போட்டுவைத்துவிட்டு, தேட ஆரம்பிப்பீர்கள். இடிக்கிற தொகை 9-ல் மீதியில்லாமல் வகுபட்டால், ஏதோ ஓரிடத்தில் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று அர்த்தம். 540 என்று எழுத வேண்டியதை 450 என்று எழுதியிருப்பீர்கள். தேடினால் கிடைக்கும்.

தொண்ணூறு ரூபாய் இடிக்கிறது என்பதற்காக லெட்ஜரை யாராவது கொளுத்துவார்களா? கொளுத்திவிட்டு வந்து, ‘புது லெட்ஜர் வெச்சிருக்கேன் சார், சுத்தமா இருக்கு பாருங்க, எண்ணூறு ரூபா குடுங்க’ என்று கேட்டால் சும்மா விடுவோமா?

ஃபார்மட் என்பது அதுதான். அட்ரஸ் புக் கெட்டுப்போனதற்கு அது வைத்தியமே இல்லை. கெட்டுப்போனது ஒரு ஃபைல். அதற்காக டிஸ்க்கையே துடைத்து, மேலே புதிதாக விண்டோஸைக் கொட்டுகிறார்கள். துடைத்ததோடு நிறுத்தினாலாவது பழைய ஃபைலைத் தோண்டி எடுக்கக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. பழைய ஃபைல் இருந்த இடத்தின் மேலேயே புது விண்டோஸ் வந்து உட்கார்ந்துவிட்டால் அதுவும் போச்சு.

கேட்டால் ஒரு சமாதானம் ரெடியாக இருக்கும். ‘டேட்டா எல்லாம் டி டிரைவ்ல இருக்கு சார், ஒண்ணும் போகாது.’ போகாதுதான், போட்டோவும் பாட்டும். உங்கள் மெயிலும் அட்ரஸ் புக்கும் டி டிரைவில் இல்லை. சி டிரைவில், உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டருக்குள், விண்டோஸே கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவைத்திருக்கிற இன்னொரு ஃபோல்டருக்குள் இருக்கின்றன. டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மட்டும் காப்பி எடுத்துவிட்டு ‘பேக்கப் முடிஞ்சுது’ என்று சொல்கிற எவரும் அந்த இடத்துக்குப் போவதே இல்லை.

*

‘ஒரு அட்ரஸ் புக்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?’ என்று கேட்கிறீர்களா? அதன் மதிப்பு நமக்குத்தான் புரியவில்லை. வைரஸ் எழுதுகிறவர்களுக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே புரிந்துவிட்டது.

1999 மார்ச்சில் ‘மெலிஸா’ என்று ஒரு வைரஸ் வந்தது. கம்ப்யூட்டருக்குள் நுழைந்ததும் அது அவுட்லுக்கின் அட்ரஸ் புக்கைத் திறந்து, முதல் ஐம்பது பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. 2000-ம் வருஷம் மே 4-ந் தேதி பரவ ஆரம்பித்த ‘ஐ லவ் யூ’ ஐம்பதோடு நிற்கவில்லை. அட்ரஸ் புக்கில் இருந்த அத்தனை பேருக்கும் காதல் கடிதம் போட்டது. உலகம் முழுக்கப் பெரிய பெரிய அலுவலகங்கள் மெயில் சர்வரை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தன.

ஏன் அப்படிப் பரவியது? முன்பின் தெரியாதவர் அனுப்பியிருந்தால் நாலு பேராவது யோசித்திருப்பார்கள். தெரிந்தவர் பெயரில் வந்தது, திறந்துவிட்டார்கள். வியாபாரத்தில் இதற்கு குட்வில் என்று பெயர். கடையை விற்கும்போது சரக்குக்கு ஒரு விலை, மேஜை நாற்காலிக்கு ஒரு விலை, குட்வில்லுக்குத் தனியாக ஒரு விலை. உங்கள் பெயரைப் பார்த்ததும் நம்பித் திறக்கிற ஆட்களின் பட்டியல்தான் உங்கள் அட்ரஸ் புக். திருடன் அதைக் குட்வில் என்று கண்டுபிடித்தான். நாம் அதை ஸ்கிராப் விலைக்குக்கூடக் கணக்கில் எடுப்பதில்லை.

சர்வீஸ் பையனை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. அவனுக்குக் கிடைப்பது சில நூறு ரூபாய். அதில் கடைக்காரருக்குப் பங்கு. ஒரு மணி நேரத்தில் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். நாமும் ‘எப்படியாவது சீக்கிரம் ஓட வெச்சுடுப்பா’ என்றுதானே சொல்கிறோம்? ‘உள்ளே 612 பேர் இருக்காங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது’ என்று எப்போதாவது சொல்லியிருக்கிறோமா?

மென்பொருள் எழுதுகிற புண்ணியவான்களைக் கேட்க வேண்டியது வேறு. இவ்வளவு முக்கியமான ஃபைலை ஏன் இப்படி ஒளித்துவைக்கிறீர்கள்? ஒரு காலத்தில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் அதை டபிள்யூ.ஏ.பி. என்ற வாலோடு ஒளித்துவைத்தது. விஸ்டாவோடு அந்த எக்ஸ்பிரஸே வழக்கொழிந்தது. தண்டர்பேர்ட் எம்.ஏ.பி. என்ற வாலோடு வைத்திருந்தது. 2020-ல் வந்த 78-ம் பதிப்பில் அதை எஸ்க்யூலைட் என்ற வேறு வகைக்கு மாற்றியது. விண்டோஸ் 10-ல் வந்த ‘மெயில்’ என்ற அப்ளிகேஷனுக்கு 2024 டிசம்பர் 31-ந் தேதியோடு மைக்ரோசாஃப்ட் கும்பிடு போட்டுவிட்டது. ஒவ்வொரு வீடு மாறும்போதும் சாமான்களில் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். நம் விஷயத்தில் விட்டுப்போவது மனுஷர்கள்.

இன்னொரு தந்திரத்தையும் சொல்ல வேண்டும். மெயில் எழுதும்போது இரண்டு எழுத்து தட்டியதும் பெயர் தானாக வந்து விழுகிறதே, அதைத்தான் பலரும் அட்ரஸ் புக் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது நீங்கள் முன்பு அனுப்பிய முகவரிகளை மென்பொருள் தானாகப் பொறுக்கிச் சேர்த்த பட்டியலாகவும் இருக்கலாம். அவுட்லுக் 2003, 2007-ல் அது என்.கே.2 என்ற வாலோடு தனி ஃபைலாக இருந்தது. அட்ரஸ் புக்கைப் பத்திரமாகக் காப்பி எடுத்தவர்கள்கூட, புது கம்ப்யூட்டரில் பாதிப் பேர் காணோம் என்று தலையில் கை வைத்தார்கள். அந்தப் பாதிப் பேர் அட்ரஸ் புக்கில் இருந்ததே இல்லை.

*

சரி, திட்டியது போதும். என்ன செய்ய வேண்டும்?

அட்ரஸ் புக் காலியாகத் தெரிந்தால் முதல் வேலை, மென்பொருளை மூடுவது. மூடியே வைப்பது. திரும்பத் திரும்பத் திறந்து பார்க்காதீர்கள். அவசர அவசரமாகப் புதுப் பெயர்களைச் சேர்க்காதீர்கள்.

இரண்டாவது, காப்பி. மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டும்படி விண்டோஸில் மாற்றிவிட்டு, உங்கள் மெயில் ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் எடுத்துவையுங்கள். தண்டர்பேர்ட் என்றால் ‘ஹெல்ப்’ மெனுவில் ‘டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ என்ற இடத்துக்குப் போனால், ஃபோல்டரைத் திறக்கும் பட்டன் இருக்கும். இனிமேல் எந்தப் பரிசோதனையும் காப்பியில்தான். அசலில் கை வைக்கக் கூடாது.

மூன்றாவது, ஃபைல்களின் தேதியையும் அளவையும் பாருங்கள். ‘காணாமல்போன’ அட்ரஸ் புக்குகளில் பல, காணாமலே போயிருக்காது. மென்பொருள் உங்களுக்குப் புதிதாக ஒரு புரொஃபைலை உண்டாக்கி, அதன் காலி அட்ரஸ் புக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். பழையது பக்கத்து ஃபோல்டரில் தூங்கும். அல்லது படிக்க முடியாத ஃபைலின் பெயர் பின்னால் ‘பி.ஏ.கே.’ என்று ஒட்டி, ஓரமாக வைத்திருக்கும். தண்டர்பேர்ட் 78-க்கு மாறியபோதும் பழைய ஃபைலை இப்படித்தான் வைத்தது. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் காலத்தில் அதே பெயரில், வாலில் மட்டும் ஒரு நெளிகோடு போட்ட இரட்டைப்பிள்ளை ஃபைல் பக்கத்திலேயே இருக்கும். பெயரை மாற்றினால் போதும், உயிர் வந்துவிடும்.

எதுவும் கிடைக்கவில்லையா? அனுப்பிய மெயில்கள் இருக்கின்றனவே! பி.காம். படித்தவர்களுக்கு ‘இன்கம்ப்ளீட் ரெக்கார்ட்ஸ்’ என்ற பாடம் ஞாபகம் இருக்கும். ஒழுங்காகக் கணக்கு எழுதாத வியாபாரியின் பில்களையும் பாங்க் பாஸ் புக்கையும் வைத்து மொத்தக் கணக்கையும் திரும்ப எழுதுவோம். அதே வேலைதான். நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு மெயிலும் ஒரு பில். அதில் முகவரி இருக்கும். ஆனால், ‘கடைசி பெஞ்ச், அப்பா தவறிட்டார்’ என்ற குறிப்பு மட்டும் இருக்காது. அதனால்தான் இது கடைசி வழி.

*

திருக்கழுக்குன்றத்துக்கு வருவோம். அது எந்த மென்பொருள் என்று சொல்லப்போவதில்லை. மற்றதெல்லாம் உத்தமம் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாதே!

தேடினோம். ஓரமாக ஒதுக்கப்பட்ட பழைய ஃபைல் இருந்தது. புதிதாக முளைத்த காலி ஃபைலைவிடப் பல மடங்கு பெரியது. பெரியப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பெயரை மாற்றி வைத்தேன். மென்பொருள் மறுத்துவிட்டது. நடுவில் எங்கோ உடைந்திருக்கிறது. காப்பியை நோட்பேடில் திறந்தேன். அடைப்புக்குறிகளும் எண்களுமாக ஒரே குப்பை. ஆனால், குப்பைக்கு நடுவே ஆட்கள் இருந்தார்கள். மெயில் முகவரியில் வருகிற அந்தச் சுருட்டை ‘அட்’ குறியைத் தேடச் சொன்னேன். ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள்.

நான் வாசிக்க, பெரியப்பா நோட்டில் டிக் அடிக்க, ஆடிட் மாதிரி போனது அந்த நாள்.

நடுவில் சில பெயர்கள் சுத்தமாகப் புரியாத எழுத்தில் வந்தன. ‘வைரஸா?’ என்றார். இல்லை. 2002, 2003-ல் அவர் தமிழில் தட்டிய பெயர்கள். யூனிகோடு பரவலாவதற்கு முந்தைய காலம். டாம், டாப், டிஸ்கி என்று தமிழுக்கே பல குறியீட்டு முறைகள் இருந்தன. யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்று ஆணை போட்டதே 2010-ல்தான். அந்தப் பெயர்கள் கெட்டுப்போகவில்லை. பழைய பூட்டுக்குப் பழைய சாவி வேண்டும், அவ்வளவுதான். எழுத்துருமாற்றியில் போட்டதும் எல்லாம் தமிழாக வந்துவிட்டன. இப்படி எத்தனை வீடுகளில் ‘கரப்ட்’ என்று சொல்லித் தமிழை அழித்திருப்பார்களோ!

சில பேர் இரண்டு முறை வந்தார்கள், மூன்று முறை வந்தார்கள். காரணம், ஊர்ப் பெயர். திருக்கழுக்குன்றத்தை இங்கிலீஷில் எழுத ஒருவர் ஒரு ‘கே’ போடுகிறார், ஒருவர் இரண்டு. ‘ழ’வுக்கு ஒருவர் ‘எல்’, ஒருவர் ‘இசட் எச்’. ஊர் வேறு என்றால் ஆளும் வேறு என்று நினைத்து, அதே ஆளை மறுபடி சேர்த்திருக்கிறார். கம்ப்யூட்டரும் தடுக்கவில்லை. பெரியப்பாவைக் குறை சொல்ல முடியாது. 2020-ல் 1,018 ஊர்களின் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணையே வெளியிட்டு, வெளியான வேகத்தில் வாபஸ் வாங்கிய மாநிலம் நம்முடையது.

மதியம் சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்தோம். பெரியப்பா மலையைக் காட்டினார். அங்கே ஒருக்கல் மண்டபம் என்று ஒரு பல்லவர் காலக் குடைவரை. சதுரங்கப்பட்டினத்தில் வியாபாரம் செய்த டச்சுக்காரர்கள் 17-ம் நூற்றாண்டில் அங்கே வந்து, தங்கள் பெயரைக் கல்லில் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். கோயில் சுவரில் பெயர் எழுதுவது தப்புதான். ‘ஆனா பாரு, முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் படிக்க முடியுது. என் பசங்க பேரு ஒரு கரண்ட் கட்டுக்குத் தாங்கல’ என்றார்.

*

‘இந்தக் காலத்தில் யாருங்க கம்ப்யூட்டரில் வைக்கிறாங்க? எல்லாம் கிளவுடில் இருக்கு’ என்று ஒரு குரல் கேட்கிறது. இருக்கட்டும். இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காத கணக்குகளை அழிப்போம் என்று 2023-ல் கூகுள் அறிவித்து, அந்த டிசம்பரிலிருந்தே அமல்படுத்த ஆரம்பித்துவிட்டது. கூகுள் காண்டாக்ட்ஸில் நீங்கள் அழித்த பெயரை முப்பது நாளுக்குள் மீட்கலாம். முப்பத்தோராவது நாள் மீட்க முடியாது. கிளவுட் என்பது அடுத்தவன் வீட்டுப் பரண். சாமானைப் போட்டுவைக்கலாம். வாடகைச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டாமா?

சட்டமாவது உதவுமா? 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க, கம்பெனி மாறினாலும் செல்போன் நம்பரை நம்மோடு எடுத்துக்கொண்டு போகலாம். நம்பரை எடுத்துப் போகலாம் என்றால், அந்த நம்பரைச் சுற்றி நாம் சேர்த்த மனுஷர்களின் பட்டியலை? ஐரோப்பாவில் 2018-லிருந்து அந்த உரிமை சட்டத்தில் இருக்கிறது. நம் நாட்டில் 2019-ல் நாடாளுமன்றத்தில் வைத்த தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவிலும் இருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அதைக் காணோம். வீடு மாறும்போது விட்டுப்போன சாமான் லிஸ்ட்டில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, நம் லெட்ஜரை நாம்தான் காப்பாற்ற வேண்டும். நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, உங்களுக்கு. மாதக் கடைசியில் ஒரு நாள், அட்ரஸ் புக்கில் ‘எக்ஸ்போர்ட்’ என்று இருப்பதை அழுத்துங்கள். வி-கார்டு வடிவத்தில் ஒன்று, சி.எஸ்.வி. வடிவத்தில் ஒன்று. கம்ப்யூட்டருக்கு வெளியே, பென் டிரைவில் வையுங்கள். சி.எஸ்.வி.யை எக்ஸெலில் திறந்து பார்க்க ஆசைப்பட்டால் காப்பியைத் திறங்கள். ‘91’ சேர்த்த பன்னிரண்டு இலக்க செல் நம்பரை எக்ஸெல் சுருக்கி, விஞ்ஞானிகள் எழுதுகிற மாதிரி 9.19 என்று ஆரம்பித்துக் காட்டும். தமிழ்ப் பெயரைக் கிறுக்கலாகக் காட்டினாலும் காட்டும். அப்படியே ‘சேவ்’ செய்தால் பேக்கப்பும் போச்சு.

இரண்டு, சர்வீஸ் கடைக்காரர்களுக்கு. ஃபார்மட் செய்வதற்கு முன் என்னென்ன காப்பி எடுத்தீர்கள் என்று பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மெயில், அட்ரஸ் புக் என்று தனித்தனி வரியாக. அதற்கு இருநூறு ரூபாய் கூடக் கேளுங்கள், தருகிறோம். அந்தச் சீட்டு இல்லாமல் பெட்டியை வீட்டை விட்டு வெளியே அனுப்பாதீர்கள், வாசகர்களே.

மூன்று, மென்பொருள் எழுதும் நம் பிள்ளைகளுக்கு. பல பேர் சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். ‘ஃபைலைப் படிக்க முடியவில்லை, உங்கள் பழைய பட்டியல் இந்த இடத்தில் பத்திரமாக இருக்கிறது’ என்று தமிழில் ஒரு வரி காட்டுங்கள். ‘ஓகே’ பட்டனுக்குப் பக்கத்தில் ‘பழையதைக் காட்டு’ என்று இன்னொரு பட்டன் வையுங்கள். எண்பத்தொரு வயது வாத்தியார் ஒருவர் பிழைத்துக்கொள்வார்.

*

இருட்டும்போது முடித்தோம். நடுவில் ஓர் இடத்தில் பெரியப்பாவின் பேனா நின்றது. மூன்று வருஷத்துக்கு முன் இறந்துபோன மாணவர். ‘இதை விட்டுடலாமா பெரியப்பா?’ என்றேன்.

‘எதுக்கு விடணும்?’ என்றார். ‘உச்சி வேளையில கழுகு ரெண்டு மலைக்கு வந்து பிரசாதம் சாப்பிட்டுப் போகும். நான் பாத்திருக்கேன். இப்ப வர்றதில்ல. அதுக்காக ஊர்ப் பேரை மாத்திட்டோமா? எழுது.’

எழுதினேன்.

‘டாலி ஆயிடுச்சா?’

டைரியில் 612. எங்கள் நோட்டில், இரட்டைப் பதிவுகளைக் கழித்து, அவர் மார்ச் 31-க்குப் பிறகு சேர்த்தவர்களையும் ஒதுக்கிவிட்டு எண்ணினால் 606. ‘ஆறு பேர் இடிக்குது பெரியப்பா.’

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ‘சஸ்பென்ஸ்ல போடு. ராத்திரி யோசிச்சு வைக்கறேன்.’

காலையில் போன் வந்தது. ‘நாலு பேர் கிடைச்சுட்டாங்கடா. ரெண்டுதான் பாக்கி.’